பாட்டியோட பிளக்கைப் பிடுங்கப் போறாங்களாம்

2025 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை, பசங்களைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வெளிய பார்க்கிங்ல நாங்க நாலஞ்சு பேர் நின்னு பேசிட்டிருந்தோம். பட்ஜெட் பாஸாகாம அமெரிக்க ஃபெடரல் அரசாங்கம் மூடிக் கிடந்த நேரம், அக்டோபர் 1-ல ஆரம்பிச்சு 43 நாள் இழுத்துச்சே, அப்ப. எங்கள்ல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், இங்க வந்த புதுசுல எனக்கு கார் ஓட்டக் கத்துக்குடுத்ததே அவர்தான், அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர் சொன்னார், "எதுக்கு மூடி வச்சிருக்கானுங்கன்னு நினைக்கிற தம்பி, இல்லீகலா வந்தவனுக்கெல்லாம் ஃப்ரீ இன்சூரன்ஸ் குடுக்கணுமாம், நம்ம டேக்ஸ் காசுல, அதுக்குத்தான்." சுத்தி நின்னவங்க எல்லாரும் ஆமா ஆமான்னாங்க.

எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. ஏன்னா அண்ணனோட அம்மா 2023-ல கிரீன் கார்டு வாங்கி இங்க வந்து இருக்காங்க, எழுபது வயசு, சுகரும் பிரஷரும் உண்டு. 65 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மெடிக்கேர் அவங்களுக்குக் கிடையாது, அதுக்கு அஞ்சு வருஷம் இங்க தொடர்ந்து இருந்திருக்கணும், ஏழைங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ் மெடிக்கெய்டுக்கும் பெரியவங்கன்னா அதே அஞ்சு வருஷம் காத்திருக்கணும். அதனால ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸ்ல, அதாவது சப்ஸிடியோட தனியா இன்சூரன்ஸ் வாங்குற அரசாங்க வெப்சைட்லதான் ஒரு பிளான் எடுத்து வச்சிருந்தாங்க, ஊர்ல வர்ற சின்ன பென்ஷன்தான் அவங்க வருமானம், தனியா டேக்ஸ் ஃபைல் பண்றாங்க, சப்ஸிடி போக மாசம் ஏதோ ரெண்டு மூணு டாலர்தான் கட்டிட்டிருந்தாங்க. எடுத்துக்குடுத்ததே நான்தான், அந்த வெப்சைட்ல உக்காந்து.

2025 ஜூலை 4-ம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. சட்டப்படி வந்து, சட்டப்படி இருந்து, வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்து, குடியேற்ற நிலையால மெடிக்கெய்டு கிடைக்காதவங்களுக்கு இத்தனை நாள் குடுத்துட்டிருந்த சப்ஸிடி 2026 ஜனவரியோட கட். அச்சு அசலா அண்ணனோட அம்மா மாதிரி ஆளுங்க. பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட டெமாக்ரட்ஸ் கேட்டதுல முக்கியமானது கோவிட் சமயத்துல கூட்டிக் குடுத்த சப்ஸிடி 2025 கடைசியோட முடியுது, அதை நீட்டணும்ங்கிறது, இன்னொண்ணு அந்த ஜூலை சட்டத்துல மருத்துவம் சம்பந்தமா வெட்டினதைத் திருப்பிப் போடணும்ங்கிறது. பேப்பரே இல்லாம இருக்கிறவங்களுக்கு சப்ஸிடி என்ன, முழுக் காசையும் தன் கையால குடுத்தாக்கூட மார்க்கெட்பிளேஸ்ல ஒரு பிளான் வாங்க முடியாது, ஒபாமாகேர்ங்கிற அந்த 2010 சட்டத்துலயே தடை போட்டிருக்கு. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தங்களோட சொந்தக் காசுல அவங்களுக்குக் கவரேஜ் குடுத்தது உண்மை, உயிருக்கு ஆபத்துன்னு எமர்ஜென்சிக்கு வந்தா எந்த ஆஸ்பத்திரியும் விரட்டக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கிறதும் உண்மை, அது ரீகன் காலத்து 1986 சட்டம், அந்தச் செலவுல ஒரு பங்கு மெடிக்கெய்டுலருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். இதெல்லாம் வாதம் பண்ண வேண்டிய விஷயங்கள்தான், பண்ணட்டும்.

ஆனா பாருங்க, இதை எழுதவே எனக்கு இவ்வளவு இடம் வேண்டியிருக்கு. அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம். நான் மார்க்கெட்பிளேஸ்னா என்னன்னு ஆரம்பிச்சு ஜூலை சட்டத்துக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சு பசங்க வெளிய வந்துட்டாங்க, அண்ணன் என் தோள்ல தட்டி "நீ ரொம்பப் படிக்கிற தம்பி"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார். அவர் அம்மாவைப் பத்தின பேச்சுன்னு அவருக்குத் தெரியவே இல்ல.

பதினெட்டு வருஷமா ஹெல்த் இன்சூரன்ஸ் கிளெய்ம்ஸ் சாஃப்ட்வேர்ல டெஸ்டிங் வேலை பாக்குறேன். டாக்டர் அனுப்புற பில், என்ன வைத்தியம்னு காட்டுற சரியான கோடு நம்பரோட வந்துச்சா, பணம் சரியாப் போச்சான்னு பாக்குறதுதான் என் பொழப்பு. அதனால இந்தச் சண்டை டிவியில ஓடும்போதெல்லாம், இவங்க எதைப் பத்திப் பேசுறாங்கன்னு சட்டத்துலயும் கோடுலயும் தேடிப் பாக்குற பழக்கம் வந்துருச்சு. அந்தப் பழக்கம் ஆரம்பிச்சது 2009 கோடையில.

அப்ப நான் மிச்சிகன்ல யிப்ஸிலாண்டில ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தேன், வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. கார் கம்பெனிகள் மஞ்சக் கடுதாசி குடுத்த வருஷம், ஜெனரல் மோட்டார்ஸே ஜூன் 1-ம் தேதி திவால்னு கோர்ட்டுக்குப் போச்சு. இந்த ஊர்ல வேலை போச்சுன்னா இன்சூரன்ஸும் சேர்ந்து போகும்ங்கிறதை நான் புஸ்தகத்துல படிக்கல, எங்க அபார்ட்மென்ட் மாடிப்படியில பார்த்தேன். அந்த நேரத்துல ஒபாமா மருத்துவக் காப்பீட்டுல ஒரு சீர்திருத்தம் கொண்டுவர்றார்னா ஜனங்க சந்தோஷப்படுவாங்கன்னுதான் நான் நினைச்சேன்.

ஆகஸ்ட் 6-ம் தேதி ராமுலஸ்ல, நம்ம ஆளுங்களுக்கு டெட்ராய்ட் ஏர்போர்ட் இருக்கிற ஊர்னு சொன்னாப் புரியும், டெமாக்ரட் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் டிங்கெல் அந்த மசோதாவைப் பத்தி ஒரு கூட்டம் போட்டார். அவருக்கு அப்ப 83 வயசு. அவங்கப்பா 1943-லயே நாட்டுல எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேணும்னு மசோதா கொண்டுவந்தவர், அப்பாவுக்கு அப்புறம் 1955-ல மகன் அந்த சீட்டுக்கு வந்து புது நாடாளுமன்றம் கூடுற ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி மசோதாவைக் கொண்டுவந்துட்டே இருந்தார், 1965-ல மெடிக்கேர் ஓட்டெடுப்பு நடந்தப்ப சபையில தலைமை நாற்காலியில உக்காந்திருந்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு முன்னாடி ஒரு தகப்பன் வீல்சேர்ல இருந்த தன் மகனைத் தள்ளிட்டு வந்து நின்னு, உங்க திட்டத்துல என் பிள்ளைக்கு வைத்தியமே கிடைக்காதுன்னு கத்தினார். பிள்ளைக்குப் பிறவியிலயே மூளை முடக்குவாதம். டிவியில திரும்பத் திரும்பக் காட்டினாங்க. நிறைய பேர் அவரைத் திட்டினாங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷன் மேல கோபம் வரல. அந்த முகத்துல இருந்தது நடிப்பு இல்ல, பயம். யாரோ அவர்கிட்ட உன் பிள்ளையைக் கைவிடப் போறாங்கன்னு சொல்லியிருக்காங்க, அவர் நம்பியிருக்கார். என் கோபமெல்லாம் சொன்னவங்க மேலதான்.

யார் சொன்னாங்கன்னு தேடினா ஓரளவு தேதியோடயே கிடைக்குது. அந்த ஜூலை 16-ம் தேதி பெட்ஸி மெக்கோயின்னு ஒரு அம்மா, நியூயார்க்ல லெஃப்டினன்ட் கவர்னரா இருந்தவங்க, ஒரு ரேடியோ நிகழ்ச்சியில, மெடிக்கேர்ல இருக்கிற வயசானவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை கட்டாயமா ஒரு ஆலோசனைக்குப் போகணும், அங்க சீக்கிரம் சாகுறது எப்படின்னு சொல்லிக்குடுப்பாங்கன்னு சொன்னாங்க. ஆகஸ்ட் 7-ம் தேதி சாரா பேலின், 2008-ல ரிபப்ளிக்கன் துணை ஜனாதிபதி வேட்பாளரா நின்னவங்க, ஃபேஸ்புக்ல, வயசான என் அப்பா அம்மாவும் டவுன் சிண்ட்ரோம் இருக்கிற என் குழந்தையும் ஒபாமாவோட 'மரணக் குழு' முன்னாடி போய் நிக்கணுமான்னு எழுதினாங்க. அஞ்சே நாள்ல, ஐயோவாவுல ரிபப்ளிக்கன் செனட்டர் சக் கிராஸ்லி, மிஷின்ல கிடக்கிற பாட்டியோட பிளக்கை எப்பப் பிடுங்கறதுன்னு முடிவு பண்ற அரசாங்கத் திட்டம் வேணாம், ஜனங்க பயப்படுறதுல நியாயம் இருக்குன்னு மேடையில பேசிட்டார். இதே கிராஸ்லி 2003-ல ஆதரிச்சு நிறைவேத்தின மெடிக்கேர் சட்டத்துல, சாகக் கிடக்கிற நோயாளிக்கு டாக்டர் ஆலோசனை சொன்னா அதுக்குக் காசு குடுக்கிற பிரிவு ஏற்கனவே இருந்துச்சு.

சரி, அந்த மசோதாவுல என்னதான் இருந்துச்சுன்னு ஒருநாள் ராத்திரி உக்காந்து தேடினேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல. பிரிவு 1233. ஒரிகன் மாநிலத்து ஏர்ல் புளூமனவர் கொண்டுவந்தது. விஷயம் இவ்வளவுதான்: கடைசிக் காலத்துல உங்களுக்கு என்ன வைத்தியம் வேணும், எது வேணாம், உங்களால பேச முடியாமப் போனா உங்க சார்பா யார் பேசணும்னு நீங்களா போய் டாக்டர்கிட்ட பேசினா, அந்த நேரத்துக்கு மெடிக்கேர் டாக்டருக்குக் காசு குடுக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை, உடம்பு மோசமானா இன்னும் அடிக்கடி. எல்லா வைத்தியமும் வேணும், கடைசி மூச்சு வரைக்கும் போராடணும்னும் எழுதி வைக்கலாம். குழுவும் இல்ல, கட்டாயமும் இல்ல. என் வேலை பாஷையில சொன்னா அது ஒரு பில்லிங் கோடு, அவ்வளவுதான். ஜார்ஜியாவோட ரிபப்ளிக்கன் செனட்டர் ஜானி ஐசக்ஸனே இந்த மாதிரிப் பேச்சு வேணும்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தவர், அவரே இதைப் போய் மரணக் குழுன்னு சொல்றது பைத்தியக்காரத்தனம்னு சொன்னார். ஒண்ணும் நடக்கல. கேள்விப்பட்டவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் அது உண்மைன்னு நம்பினதா பியூ சர்வே அந்த ஆகஸ்ட்லயே சொல்லுச்சு.

இந்தப் பிரிவுக்குப் பின்னாடி லா கிராஸ்னு ஒரு ஊர் இருக்கு, விஸ்கான்ஸின்ல மிஸிஸிப்பி ஆத்தங்கரையில. அங்க ஒரு ஆஸ்பத்திரியில பட் ஹேம்ஸ்னு ஒருத்தர், டாக்டர் கிடையாது, மருத்துவ அறம் பாக்குறவர், 1980-கள்ல சில குடும்பங்களைப் பார்த்தார். டயாலிசிஸ்ல இருந்த பெரியவங்க, பக்கவாதம் வந்து பேச முடியாமக் கிடக்காங்க, டயாலிசிஸைத் தொடரவா நிறுத்தவான்னு கேட்டா குடும்பத்துக்குத் தெரியல, ஏன்னா யாரும் கேட்டதே இல்ல. அங்கருந்து ஆரம்பிச்சு ஊர் முழுக்க நர்ஸுங்க, சர்ச்சு ஆளுங்கன்னு எல்லாரையும் பழக்கி, பெரியவங்ககிட்ட உக்காந்து பேச வச்சு, எழுதி வாங்கி ஃபைல்ல வச்சாங்க. அந்த ஊர்ல செத்துப்போறவங்கள்ல 96 சதவீதம் பேர் தன் விருப்பத்தை எழுதி வச்சிருந்தாங்கன்னு பின்னால செய்தியில வந்துச்சு. இத்தனை நேரம் உக்காந்து பேசுறதுக்கு எந்த இன்சூரன்ஸும் காசு தரல, ஆஸ்பத்திரி கைக்காசைப் போட்டுதான் செஞ்சுச்சு. அதுக்கு ஒரு கோடு குடுங்கன்னுதான் கேட்டாங்க. அந்த நல்ல காரியத்துக்குத்தான் கொலைகாரப் பட்டம்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி இருந்தாங்க, அவர் கார் ஃபேக்டரியில முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்தப் பாட்டி என் மேல ரொம்பப் பிரியமா இருப்பாங்க, முதல் பனிக்கு எனக்குக் கையுறை வாங்கிக் குடுத்தது அவங்கதான். அந்த வருஷம் இலையுதிர் காலத்துல ஒருநாள், தாத்தாவோட வழக்கமான செக்கப்புக்குப் போன இடத்துல டாக்டர் அந்தப் பேப்பரைப் பத்திப் பேச்செடுத்தாராம், பாட்டி பையை எடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டாங்களாம். "எங்களைக் கணக்கு முடிக்கப் பாக்குறாங்கப்பா"ன்னு என்கிட்ட சொன்னாங்க. நான் பிரிவு 1233 படிச்சிருந்தேன், ஆனா வாயத் திறக்கல. வேற நாட்டுலருந்து நேத்து வந்த பையன், அவங்க வீட்டு சாவைப் பத்திப் பேச நான் யாருன்னு இருந்துட்டேன். அது தப்புன்னு இப்பவும் உறுத்துது.

அந்தப் பிரிவு செனட் மசோதாவுல இல்லாமலே போச்சு, 2010 மார்ச் 23-ம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்துல அது கிடையாது. 2011 ஜனவரி 1-லருந்து வர்ற மாதிரி மெடிக்கேர் விதியில மெல்ல ஒரு வரி சேர்த்தாங்க, வருஷாந்திர செக்கப்புல விருப்பப்பட்டா இதையும் பேசலாம்னு. பேப்பர்ல வந்துச்சு, மறுபடியும் மரணக் குழு கூச்சல், அமலுக்கு வந்த சில நாள்லயே அந்த வரியைத் தூக்கிட்டாங்க.

அடுத்த மாசம், பிப்ரவரி, தாத்தாவுக்குப் பெரிய ஸ்ட்ரோக். மூணு வாரம் வென்டிலேட்டர். ரெண்டு பசங்க, ஒருத்தர் அரிஸோனாவுலருந்து வந்து எடுத்துருங்கன்னார், இன்னொருத்தர் தொட்டா கேஸ் போடுவேன்னார், ரெண்டு பேரும் அம்மா முகத்தைப் பார்த்தாங்க, அவங்களுக்குச் சொல்லத் தெரியல. பனி பெஞ்சுட்டிருந்த ஒரு சாயந்திரம் கார்லருந்து இறங்காம உக்காந்திருந்தாங்க, நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "அம்பத்தி ரெண்டு வருஷம் வாழ்ந்தோம், இதைப் பத்தி ஒருநாள்கூட பேசல"ன்னாங்க. டாக்டர் பேச்செடுத்ததை நானும் ஞாபகப்படுத்தல, அவங்களும் சொல்லல. தாத்தா போனப்புறம் அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசுறதே இல்ல.

அந்தப் பேச்சு நடந்திருந்தா தாத்தா பிழைச்சிருப்பார்னு நான் சொல்லல. அவருக்கு என்ன வேணும்ங்கிறது அந்த ரூம்ல இருந்த ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும். எங்கப்பா 2014-ல மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் அதே மிஷின்ல கிடந்தப்ப நான் ஃபோன்ல ராத்திரி பகலா "செய்ங்க, எல்லாம் செய்ங்க"ன்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன், அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, ஆனா அங்க யாரும் எங்களை ஏமாத்தல. பேசாம இருந்தது நாங்க. இங்க அந்தப் பாட்டியைப் பேச விடாமப் பண்ணினாங்க, ஓட்டுக்காக. அதைத்தான் என்னால மறக்க முடியல.

2015 கடைசியில எங்க டீமுக்கு ஒரு வேலை வந்துச்சு. 2016 ஜனவரி 1-லருந்து மெடிக்கேர்ல புதுசா பணம் குடுக்கப் போற கோடு, 99497, முதல் அரைமணி நேரம், அதுக்கு மேல போனா 99498. விவரத்தைப் படிச்சா, கடைசிக்கால வைத்தியம் பத்தின ஆலோசனை. சுமார் 86 டாலர். நான் கொஞ்ச நேரம் அந்த ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். நாடே கத்தினது இதுக்குத்தான். டெஸ்ட் கேஸ் எழுதினேன், பாஸ் ஆச்சு, புரொடக்ஷனுக்குப் போச்சு. பெருசா யாரும் கத்தல. நடுவுல ஆறரை வருஷம்.

ஒபாமாவோட 2010 சட்டத்துல மெடிக்கேர் செலவைக் கட்டுப்படுத்த 15 பேர் கொண்ட ஒரு போர்டுன்னு இருந்துச்சு, 2009 வதந்தி அப்புறம் அந்த போர்டு மேல போய் ஒட்டிக்கிச்சு. வைத்தியத்தை வெட்டுற மாதிரி எந்தப் பரிந்துரையும் பண்ணக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு, அதுல ஒரு உறுப்பினரைக்கூட யாரும் நியமிக்கவே இல்ல, 2018-ல அதையும் ரத்து பண்ணிட்டாங்க. இல்லாத ஆளுங்களைப் பார்த்து எட்டு வருஷம் பயந்தாங்க. அதே மாதிரி ஒரு வணிகப் பத்திரிகை, வீல்சேர்லயே வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங் பிரிட்டன்ல இருந்திருந்தா அரசாங்க மருத்துவம் அவரைக் கைவிட்டிருக்கும்னு தலையங்கம் எழுதுச்சு, அவர் பிறந்து வளர்ந்து வாழ்ந்ததே பிரிட்டன்லதான், அரசாங்க மருத்துவத்தாலதான் உயிரோட இருக்கேன்னு அவரே சொல்ல வேண்டியதாப் போச்சு.

இப்ப ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லணும், நான் இந்தச் சட்டம் வரணும்னு ஆசைப்பட்டவன். உங்களுக்கு இப்ப இருக்கிற பிளான் பிடிச்சிருந்தா அதையே வச்சுக்கலாம்னு ஒபாமா ஊர் ஊராச் சொன்னார். அது உண்மை இல்ல. 2013-ல லட்சக்கணக்கான பேருக்கு உங்க பிளான் ரத்துன்னு கடிதம் வந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச ஒரு குஜராத்தி, சின்னதா கேஸ் ஸ்டேஷன் வச்சிருக்கிறவர், கடிதத்தைக் கையில வச்சுட்டு "நீதானே சொன்ன"ன்னு என்னைக் கேட்டார். நான்தான் சொல்லியிருந்தேன். அந்த நவம்பர்ல ஒபாமா டிவியில மன்னிப்பு கேட்டார். பொய்களைச் சரிபார்க்கிற பொலிட்டிஃபேக்ட், மரணக் குழுவை 2009-ஓட பெரிய பொய்னு அறிவிச்சது, 2013-க்கு ஒபாமாவோட இந்த வாக்குறுதியை அறிவிச்சது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க நான் ஒத்துக்க மாட்டேன், ஒண்ணு இல்லாத கொலையைக் காட்டி பயமுறுத்தினது, இன்னொண்ணு தெரிஞ்சே மிகைப்படுத்திக் குடுத்த வாக்குறுதி. ஆனா அந்த கேஸ் ஸ்டேஷன்காரர் அதுக்கப்புறம் நான் சொல்ற எதையும் நம்பல, அவர் மேல தப்பு சொல்ல எனக்கு வாயில்ல.

2017 தொடக்கத்துல எடுத்த ஒரு கருத்துக்கணிப்புல, ஒபாமாகேரும் அஃபோர்டபிள் கேர் ஆக்டும் ஒண்ணுதான்னு மூணுல ஒருத்தருக்குத் தெரியல. அதே வருஷம்தான் அதை ரத்து பண்ண ஓட்டுப் போட்டாங்க, ஜூலை 28 விடியக்காலையில ரிபப்ளிக்கன் செனட்டர் ஜான் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழ காட்டினதால தப்பிச்சுச்சு. தன்னோட இன்சூரன்ஸ் எதுன்னே தெரியாம அதை ஒழிக்கச் சொல்ற நிலைமைக்கு ஜனங்களை யார் கொண்டுவந்தது? 2009-ல சவுத் கரோலினாவுல ஒரு பெரியவர் என் மெடிக்கேர் மேல அரசாங்கம் கை வைக்கக்கூடாதுன்னு சொன்னார், அந்த ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்க்லிஸ் ஐயா மெடிக்கேரே அரசாங்கம் குடுக்கிறதுதான்னு பொறுமையாச் சொல்லிப் பார்த்தார், அவர் ஏத்துக்கல. இந்தக் கதையை எல்லாரும் சிரிக்கத்தான் சொல்வாங்க, எனக்குச் சிரிப்பு வந்ததில்ல. தன் கையில இருக்கிற ஒரே பாதுகாப்பைப் பிடுங்கிருவாங்களோன்னு அந்தக் கிழவர் பயந்தார்.

அண்ணன் சொன்னதும் புதுசு இல்ல. 2009 செப்டம்பர் 9, ஒபாமா சபையில நின்னு சட்டவிரோதமா இருக்கிறவங்களுக்கு இது கிடையாதுன்னு சொன்னப்ப, ஜோ வில்சன்னு ஒரு ரிபப்ளிக்கன் உறுப்பினர் "நீ பொய் சொல்ற"ன்னு கத்தினார். பதினாறு வருஷம் கழிச்சு அதே பேச்சு எங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்து பார்க்கிங்ல, மதுரைப் பேச்சுல, நான் மதிக்கிற மனுஷன் வாயில வருது.

நவம்பர் கடைசியில அண்ணன் ஃபோன் பண்ணார். "தம்பி, அம்மாவுக்கு ஏதோ கடிதம் வந்திருக்கு, எண்ணூத்துச் சொச்சம் போட்டிருக்கான், தப்பாத்தானே இருக்கும், வந்து பாரேன்." போனேன். தப்பு இல்ல. சப்ஸிடி பூஜ்யம், முழு பிரீமியம். லேப்டாப்ல அந்தப் பிரிவை எடுத்துக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். "அம்மாவுக்குக் கிரீன் கார்டு இருக்கேப்பா"ன்னார். ஆமாண்ணே, அதான்னேன். அவர் அக்டோபர்ல சொன்னதை நான் எடுக்கல. வேற என்ன பிளான் இருக்கு, ஊருக்கே அனுப்பி வச்சிரலாமா, கொஞ்ச நாளைக்கு மருந்து மட்டும் கைக்காசுல வாங்கினா என்ன ஆகும்னு ஒரு மணி நேரம் கணக்குப் போட்டோம்.

அம்மா உள்ள இருந்து காபி கொண்டுவந்து வச்சுட்டுப் போகல, அங்கயே நின்னாங்க. எங்க பேச்சு முழுக்கக் காதுல விழுந்திருக்கு. பிரஷர் மாத்திரை டப்பாவை என்கிட்ட நீட்டி, "இதைப் பாதி பாதியா உடைச்சுப் போட்டா கூட ரெண்டு மாசம் வருமாப்பா?"ன்னு கேட்டாங்க. வேணாம்மா, முழுசாவே போடுங்கன்னு சொன்னேன்.